எட்டாம் நம்பர் வண்டியின் இடது பக்கம்

ஆர்டித்: ஹெட்செட்டைத் தலைகீழா மாட்டியிருக்க. அந்த மைக்கு வாய்க்கு முன்னாடி வரணும், பிடரிக்குப் பின்னாடி இல்லை.

ட்ரீனா: இப்படியா?

ஆர்டித்: ம்... காதை முழுசா மூடு. இந்த இரைச்சல்ல வெறுங்காதோட உக்காந்தா ரெண்டு நாளைக்கு வண்டு குடையும். இப்போ நான் பேசுறது கேக்குதா?

ட்ரீனா: கேக்குது, மிஸ் ஆர்டித். பக்கத்துல உக்காந்துக்கிட்டே போன்ல பேசுற மாதிரி இருக்கு.

ஆர்டித்: மிஸ்ஸும் வேண்டாம், மிஸஸும் வேண்டாம். மிஸஸ் இப்போ நீதான். வெறும் ஆர்டித் போதும்.

ட்ரீனா: சரி... ஆர்டித். நாம பேசுறது கீழ பந்தயத்துல ஓட்டுறவங்களுக்குக் கேக்குமா?

ஆர்டித்: கேக்காது. நம்ம ரெண்டு பேருக்குள்ளதான். அவங்க ரேடியோவை ஒட்டுக்கேக்குற இந்த ஸ்கேனருக்குக் காது மட்டும்தான், வாய் கிடையாது. வாய் இருந்திருந்தா, நான் வெண்டலுக்குப் பொண்டாட்டியா இருந்த காலத்துல, ஓட்டுற வண்டிக்குள்ளயே அவனை உண்டு இல்லைன்னு பண்ணியிருப்பேன்.

ட்ரீனா: அவரும் அப்படித்தான் சொல்லுவாரு.

ஆர்டித்: என்னன்னு?

ட்ரீனா: ஒண்ணும் இல்லை...

ஆர்டித்: அட சொல்லு. ஆறு வருஷமா என்னைப் பத்தி என்ன சொல்லிக்கிட்டு இருக்கான்னு தெரிஞ்சுக்க எனக்கும் ஆசை இருக்காதா?

ட்ரீனா: ஆர்டித் பேச ஆரம்பிச்சான்னா, எட்டு சிலிண்டர் என்ஜின் கூட தாலாட்டு மாதிரி கேக்கும்னு...

ஆர்டித்: பரவாயில்லை. இதைவிட மோசமா எதிர்பார்த்தேன். இந்தா, கடலை எடுத்துக்க. வேகவெச்சது. தோலை என் செருப்பு மேல போடாத.

ட்ரீனா: வேண்டாம். இப்போ எதுவும் இறங்காது.

ஆர்டித்: கல்யாணமாகி இத்தனை நாள்ல ஒரு பந்தயத்துக்காவது வந்திருக்கியா நீ?

ட்ரீனா: இல்லை. என்னால பாக்க முடியாது. பயமா இருக்கும்.

ஆர்டித்: இன்னிக்கு மட்டும் பயமில்லையோ?

ட்ரீனா: சீசனோட கடைசிப் பந்தயம். அதான் சும்மா...

ஆர்டித்: சும்மா. பாதிப் பந்தயம் முடிஞ்சப்புறம், இத்தனை சீட்டு காலியா கிடக்கிறப்போ, நேரா வந்து என் பக்கத்துல உக்கார்ற. நான் வண்டியை நிறுத்துறப்பவே உன் காரைப் பாத்தேன். நீ உள்ளயே உக்காந்திருந்த.

ட்ரீனா: வெயிலா இருந்துச்சு.

ஆர்டித்: வெயிலுக்குப் பயந்து ஜன்னலை ஏத்திவிட்டு காருக்குள்ள உக்காந்திருந்த. சரி. நான் நம்பிட்டேன்.

ட்ரீனா: இதுல... அவரு பேசுறது எப்படிக் கேக்குறது?

ஆர்டித்: எட்டை அமுக்கு. உன் வீட்டுக்காரன் வருவான். இருபத்தேழை அமுக்கினா என் பையன். அதோ வெள்ளை வண்டி வெண்டல். அதுக்கு இடது பக்கம், மைதானத்து உள்பக்கமா ஒட்டிக்கிட்டுப் போகுதே சிவப்பு, அது கோல்பி.

ட்ரீனா: தெரியுது. எட்டு அமுக்கிட்டேன்.

ரேடியோவில் கர்ட்டிஸ்: முன்னாடி மூணு வண்டி இடம் இருக்கு, வெண்டல். மூணு... ரெண்டரை... ரெண்டு. அவ்வளவுதான், அங்கேயே இரு.

ரேடியோவில் வெண்டல்: சரி.

ட்ரீனா: இது கர்ட்டிஸ் குரல்தானே?

ஆர்டித்: உன் கொழுந்தனேதான். எதிர்ல பாரு, பத்திரிகைக்காரங்க உக்கார்ற கட்டடத்து மொட்டை மாடியில, குருவி மாதிரி வரிசையா நிக்கிறாங்களே... ஸ்பாட்டருங்க. வண்டிக்கு ஒருத்தன். ஓட்டுறவன் ஹெல்மெட்டு, கழுத்துப்பட்டைன்னு கட்டிப் போட்ட மாதிரி உக்காந்திருப்பான், தலையைத் திருப்ப முடியாது. பின்னாடி யாரு, பக்கத்துல யாருன்னு இவங்கதான் மேல இருந்து சொல்லணும்.

ட்ரீனா: ஓ... நல்ல ஏற்பாடுதான்.

ஆர்டித்: பின்னாடி, பக்கத்துல. முன்னாடி இருக்குறதை யாரும் சொல்ல மாட்டாங்க. அதைப் பாக்கத்தான் அவனுக்கே ரெண்டு கண்ணு இருக்கே.

ட்ரீனா: கர்ட்டிஸுக்குக் கொஞ்சம் பேச்சு ஜாஸ்தி. அதான் போல.

ஆர்டித்: கர்ட்டிஸுக்கா? அவன் கல்யாணத்துல 'சம்மதம்'னு ஒரு வார்த்தை வரவைக்க பாதிரியார் மூணு தடவை கேட்டாரு. நாலாவது தடவை பொண்ணு முழங்கையால இடிச்சா.

ட்ரீனா: வயசாகிட்டா பேச்சு வரும்.

ஆர்டித்: வரும் வரும்.

ரேடியோவில் கர்ட்டிஸ்: உள்பக்கம் ஆளு, இன்னும் அங்கதான். உன் பின்சக்கரத்துக்கிட்ட. அதே ஆளு.

ரேடியோவில் வெண்டல்: தாண்டவும் மாட்டேங்கிறான், விலகவும் மாட்டேங்கிறான். யாருடா அவன்?

ரேடியோவில் கர்ட்டிஸ்: நீ ரோட்டைப் பாரு.

ட்ரீனா: உங்க பையனைத்தான் சொல்றாங்களா?

ஆர்டித்: வேற யாரு. சிவப்பா அங்க வேற ஒண்ணும் இல்லையே.

ட்ரீனா: ஏன் இவ்வளவு ஒட்டி ஓட்டுறான்?

ஆர்டித்: பந்தயம்மா. ஒட்டித்தான் ஓட்டுவாங்க. தள்ளித் தள்ளிப் போறதுக்கு இது சவ ஊர்வலமா?

ட்ரீனா: எவ்வளவு நேரமா இப்படிப் போறான்?

ஆர்டித்: கொடி அசைச்சதுல இருந்து.

ட்ரீனா: அவனுக்கு... இன்னும் அவரு மேல கோவம் இருக்கா?

ஆர்டித்: நீ என்ன நினைக்கிற?

ட்ரீனா: எனக்கு முழுசா தெரியாது. அவரு அந்தப் பேச்சையே எடுக்க விட மாட்டாரு.

ஆர்டித்: எடுத்தா நல்லாவா இருக்கும்? போன வருஷத்துக்கு முந்தின வருஷம், இதே மைதானம், கடைசிச் சுத்து. கோல்பி முதல்ல போறான், வாழ்க்கையில மொத தடவை. பின்னாடி அவன் அப்பன். நாலாவது வளைவுல பின்னாடி இருந்து ஒரு தட்டு தட்டினான். பையன் சுத்திக்கிட்டே போய் சுவத்துல மோதினான். அப்பன் கோப்பையைத் தூக்கிக்கிட்டுப் படம் எடுத்துக்கிட்டான்.

ட்ரீனா: அது தெரியாம பட்டதுன்னாரு.

ஆர்டித்: எங்கிட்ட அப்படிச் சொல்லலை. பந்தயத்துல அப்பனும் கிடையாது, மகனும் கிடையாதுன்னான். கோல்பி காதுபடவே சொன்னான். அவன் அன்னிக்கே தன் சாமானை எல்லாம் அள்ளிக்கிட்டு ஷெட்டை விட்டுக் கிளம்பினவன்தான். அப்புறம் ஒரு வார்த்தை பேசலை.

ட்ரீனா: கிறிஸ்துமஸுக்கு கார்டு போட்டோமே...

ஆர்டித்: நீ போட்ட. உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?

ட்ரீனா: ஆர்டித்... பழி வாங்கத்தான் இப்படி ஒட்டிக்கிட்டே போறானா?

ஆர்டித்: யாரு கண்டா.

ட்ரீனா: அவன் உங்க பையன்!

ஆர்டித்: அவனோட அப்பனுக்கும் பையன்தானே. ரத்தத்துல எந்தப் பாதி மேல வருதுன்னு யாரு சொல்ல முடியும்.

ட்ரீனா: அதோ... அதோ! தொட்டுட்டான்!

ஆர்டித்: தொடலை. ஒரு சாண் இருந்துச்சு.

ட்ரீனா: ஒரு சாணா! ஆர்டித், அவனை விலகச் சொல்லுங்க. தயவுசெஞ்சு சொல்லுங்க. கீழ போய் அவன் ஆளுங்ககிட்ட சொல்லுங்க.

ஆர்டித்: என்னன்னு சொல்ல? உன் சின்னம்மாவுக்குக் கடலை இறங்கலையாம், கொஞ்சம் தள்ளிப் போன்னா?

ட்ரீனா: விளையாடாதீங்க.

ஆர்டித்: காரணம் சொல்லு, போறேன்.

ட்ரீனா: காரணம்... அவன் ஒரு பக்கமா வந்து இடிச்சான்னா...

ஆர்டித்: முப்பது வருஷமா எவன் எவனோ இடிச்சிருக்கான். வெண்டலுக்கு இதெல்லாம் புதுசா?

ட்ரீனா: அது வேற, இது வேற.

ஆர்டித்: என்ன வேற?

ட்ரீனா: அவருக்கு அந்தப் பக்கம் தெரியாது! இடது கண்ணு போயிருச்சு. மார்ச்சுல. ஒருநாள் காலையில எழுந்தாரு, திரையை இழுத்து விட்ட மாதிரி இருக்குன்னாரு. ரத்தக்குழாய்ல அடைப்பாம். டாக்டர் இனிமே வராதுன்னுட்டாரு. ஒத்தக் கண்ணால பாக்குறப்போ எது பக்கம், எது தூரம்னு சரியா தெரியாதாம். அதுக்குத்தான் கர்ட்டிஸ் அளந்து அளந்து சொல்றான். போதுமா? இதைத்தானே கேட்டீங்க?

ஆர்டித்: நான் ஒண்ணும் கேக்கலையே.

ட்ரீனா: யாருகிட்டயும் சொல்ல மாட்டேன்னு சத்தியம் பண்ணியிருக்கேன்.

ஆர்டித்: சீசன் ஏப்ரல்லதானே ஆரம்பிக்குது. கண்ணைச் சோதிக்காம விட மாட்டாங்களே.

ட்ரீனா: சோதிச்சாங்க.

ஆர்டித்: அப்புறம்?

ட்ரீனா: சுவத்துல மாட்டியிருக்குற அந்த எழுத்து எல்லாத்தையும் நான்தான் மனப்பாடம் பண்ண வெச்சேன். சமையல்கட்டுல நின்னு ஒப்பிப்பாரு, பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி. தப்பு விட்டா நானே திருத்துவேன்.

ஆர்டித்: கெட்டிக்காரி.

ட்ரீனா: குத்திக் காட்டாதீங்க. இந்த ஒரு சீசன் மட்டும்னு கெஞ்சினாரு. அவரு கெஞ்சி நான் பாத்ததே இல்லை. என்ன பண்ணச் சொல்றீங்க?

ஆர்டித்: என்னையும் கெஞ்சியிருக்கான். ஒவ்வொரு வருஷமும் 'இந்த ஒரு சீசன் மட்டும்'. உனக்கு முன்னாடி நான் அதை நிறைய கேட்டாச்சு.

ட்ரீனா: இன்னிக்குக் காலையில காப்பி ஊத்தினாரு. கப்புக்கு வெளிய. மேஜை முழுக்க ஓடுது, அவரு பாட்டுக்கு ஊத்திக்கிட்டே இருக்காரு. நான் துடைச்சேன். ரெண்டு பேரும் ஒண்ணும் பேசிக்கலை. அப்புறம் ஹெல்மெட்டை எடுத்துக்கிட்டுக் கிளம்பிட்டாரு. என்னால வீட்டுல இருக்க முடியலை. உங்க பையனும் இதே பந்தயத்துல ஓட்டுறான்னு ஞாபகம் வந்துச்சு...

ஆர்டித்: அதனால வந்த.

ட்ரீனா: ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே உங்ககிட்ட சொல்லிடணும்னுதான் வந்தேன். காரை விட்டு இறங்க முடியலை. இறங்கினா அவருக்குத் துரோகம், இறங்கலேன்னா உங்களுக்கு.

ஆர்டித்: மூக்கைத் துடை. மைக்குல பட்டா எனக்குத்தான் கொரகொரங்கும்.

ட்ரீனா: எப்படி உங்களால இப்படி உக்காந்திருக்க முடியுது? எழுந்து போங்க! கோல்பிகிட்ட சொல்லச் சொல்லுங்க!

ஆர்டித்: இருபத்தேழை அமுக்கு.

ட்ரீனா: என்னது?

ஆர்டித்: இருபத்தேழு. அமுக்கிட்டு வாயை மூடிக்கிட்டுக் கேளு. மொட்டை மாடியில இருந்து பேசுறவன் நீல். அவனோட ஸ்பாட்டர்.

ரேடியோவில் நீல்: உள்ள அவ்வளவு இடம் கிடக்குடா. உன் வண்டி அவரைவிட வேகமா போகுது. எத்தனை தடவை சொல்றது, தாண்டு!

ரேடியோவில் கோல்பி: பரவாயில்லை. இங்கயே இருக்கேன்.

ரேடியோவில் நீல்: நேர்ப்பாதையில ஆக்ஸிலேட்டர்ல இருந்து காலை எடுக்குற நீ. எனக்கு இங்க இருந்து சத்தத்துலயே தெரியுது. எதுக்குடா காலை எடுக்குற?

ரேடியோவில் கோல்பி: பின்னாடி யாரு?

ரேடியோவில் நீல்: நாப்பத்தொண்ணு. பச்சை வண்டி. அந்த ப்ரைஸ் வீட்டுப் பையன். உள்பக்கமா வரப் பாக்குறான்.

ரேடியோவில் கோல்பி: வரட்டும். இந்தச் சந்துக்குள்ள எவனையும் விட மாட்டேன்.

ரேடியோவில் நீல்: உன் இடத்தைக் காப்பாத்துறியா, உங்கப்பா இடத்தையா?

ரேடியோவில் கோல்பி: நீ பின்னாடி பாத்துச் சொல்லு, நீல். அது போதும்.

ட்ரீனா: ஆர்டித்...

ஆர்டித்: ம்.

ட்ரீனா: அவன் இடிக்கப் பாக்கலை.

ஆர்டித்: இல்லை போலிருக்கு.

ட்ரீனா: அந்தப் பக்கம் வேற யாரும் வராம... அவனே அங்க...

ஆர்டித்: கதவுல சாய்ஞ்சுக்கிட்டு நிக்கிற மாதிரி.

ட்ரீனா: அவனுக்குத் தெரியுமா அப்போ? கண்ணு விஷயம்?

ஆர்டித்: என்கிட்ட கேட்டா? அவன் எங்கிட்ட எல்லாத்தையும் சொல்றவனா?

ட்ரீனா: தெரிஞ்சுதானே இப்படி ஓட்டுறான். தெரியாம எவனாவது ஜெயிக்கிற பந்தயத்தை விடுவானா? அவரு மேல அவ்வளவு கோவம் உள்ளவன்...

ஆர்டித்: கோவம் எங்கயும் போகலை. அவன் குரலைக் கேட்டல்ல. பல்லைக் கடிச்சுக்கிட்டுத்தான் பேசுறான்.

ட்ரீனா: நான் இவ்வளவு நேரம் அவனைப் போய்...

ஆர்டித்: கடலை சாப்பிடு. சும்மா கையைப் பிசைஞ்சுக்கிட்டே இருக்க.

ட்ரீனா: உங்க மடியிலயும்தான் கடலை சிந்திக் கிடக்கு.

ஆர்டித்: இந்தப் பெஞ்சு ஆடுது. இரும்பு. என்ஜின் சத்தத்துக்கு எல்லாமே ஆடும்.

ட்ரீனா: இன்னும் எவ்வளவு சுத்து இருக்கு?

ஆர்டித்: கொஞ்சம்தான். முன்னாடி போறவனுக்கு டயர் தேஞ்சுபோச்சு, பாரு எப்படி வழுக்கிக்கிட்டுப் போறான்னு. வெண்டல் ரெண்டாவது. பிடிச்சாலும் பிடிச்சிருவான்.

ட்ரீனா: பிடிக்க வேண்டாம். முழுசா வீட்டுக்கு வந்தாப் போதும்.

ஆர்டித்: எட்டுக்கு மாத்து.

ரேடியோவில் கர்ட்டிஸ்: முன்னாடி ஒரு வண்டி இடம். அவன் வழுக்குறான். பொறு... பொறு... வெளிப்பக்கம் உனக்குத்தான், வெண்டல். வளைவு முடிஞ்சதும் போ.

ரேடியோவில் வெண்டல்: உள்பக்கம்?

ரேடியோவில் கர்ட்டிஸ்: உள்பக்கத்தைப் பத்திக் கவலைப்படாத. அதே ஆளுதான் நிக்கிறான்.

ட்ரீனா: அந்தப் பச்சை வண்டி... ஆர்டித், அது கோல்பிக்கும் உள்பக்கமா வருது. புல்லு ஓரமா வருது!

ஆர்டித்: பாக்குறேன்.

ட்ரீனா: அங்க இடமே இல்லையே!

ஆர்டித்: இல்லை.

ட்ரீனா: விட்டுடு கோல்பி, விட்டுடு...

ஆர்டித்: விட மாட்டான். விட்டா அந்தப் பச்சை நேரா போய் வெண்டல் மேலதான்... ஐயோ!

ட்ரீனா: கர்த்தரே!

ரேடியோவில் கர்ட்டிஸ்: பின்னாடி மோதல்! பின்னாடி மோதல்! நீ நேரா போ, வெண்டல், நேரா போ, உனக்கு ஒண்ணும் இல்லை. மஞ்சக்கொடி. மெதுவா வா.

ட்ரீனா: சிவப்புதான். சிவப்பு வண்டிதான். உள்சுவத்துல... புகை வருது, ஒண்ணும் தெரியலை. ஆர்டித், இருபத்தேழு! இருபத்தேழு அமுக்குங்க!

ஆர்டித்: எது... எங்க இருக்கு அது...

ட்ரீனா: குடுங்க. நான் அமுக்குறேன்.

ரேடியோவில் நீல்: கோல்பி. கோல்பி, பதில் சொல்லு. டேய், பேசுடா. எதாவது பேசு. பட்டனை ஒரு தடவை அமுக்கினாலும் போதும்.

ட்ரீனா: என் கையைப் பிடிச்சுக்கங்க.

ஆர்டித்: பேசாத. கேக்கவிடு.

ரேடியோவில் நீல்: கோல்பி...

ரேடியோவில் கோல்பி: இருக்கேன் இருக்கேன். ஏன் கத்துற. மூச்சு முட்டிருச்சு, அவ்வளவுதான்.

ரேடியோவில் நீல்: கை காலெல்லாம்?

ரேடியோவில் கோல்பி: எல்லாம் அததது இடத்துல இருக்கு. வண்டிதான் போச்சு. எட்டு?

ரேடியோவில் நீல்: எட்டுக்கு ஒரு கீறல் இல்லை.

ரேடியோவில் கோல்பி: சரி. ஜன்னல் வலையை அவுக்குறேன், இறங்கப் போறேன்.

ட்ரீனா: நல்லாயிருக்கான். ஆர்டித், நல்லாயிருக்கான். கேட்டீங்களா?

ஆர்டித்: கேட்டேன்.

ட்ரீனா: அழுறீங்களா?

ஆர்டித்: டயர்ப் பொடி கண்ணுல விழுந்துருச்சு. இங்க உக்காந்தா விழத்தான் செய்யும். என் கையை விடு, விரல் உடைஞ்சிரும்.

ட்ரீனா: நீங்கதான் பிடிச்சிருக்கீங்க.

ஆர்டித்: எட்டை அமுக்கு. இவன் என்ன பண்றான்னு பாப்போம்.

ரேடியோவில் வெண்டல்: ...நீ சொல்லலையே. யாரு அது?

ரேடியோவில் கர்ட்டிஸ்: மஞ்சக்கொடி முடிஞ்சதும் வெளிப்பக்கமா கிளம்பணும். முன்னாடி இருக்குறவன் டயர் ஒண்ணுமில்லாம போயிருச்சு. ஜெயிச்சிட்ட நீ.

ரேடியோவில் வெண்டல்: கர்ட்டிஸ். என் இடது பக்கத்துல யாரு இருந்தா?

ரேடியோவில் கர்ட்டிஸ்: ...கோல்பி.

ரேடியோவில் வெண்டல்: எப்போ இருந்து?

ரேடியோவில் கர்ட்டிஸ்: கொடி அசைச்சதுல இருந்தே. நீ கேட்டா கத்துவன்னுதான் சொல்லலை.

ட்ரீனா: ஏன் ஒண்ணும் பேச மாட்டேங்கிறாரு? ரேடியோ போயிருச்சா?

ஆர்டித்: போகலை. ஸ்கேனர்ல எண் எரியுது பாரு. அவன்தான் சும்மா இருக்கான்.

ரேடியோவில் கர்ட்டிஸ்: வெண்டல், நான் சொன்னது கேட்டுச்சா? பச்சைக்கொடி காட்டி மறுபடி ஆரம்பிக்கப் போறாங்க.

ரேடியோவில் வெண்டல்: அவன் வண்டி எங்க நிக்குது?

ரேடியோவில் கர்ட்டிஸ்: மூணாவது வளைவு, உள்பக்கம். ஏன்?

ரேடியோவில் வெண்டல்: அங்க எப்படிப் போறதுன்னு சொல்லு. எனக்குத் தெரியலை.

ரேடியோவில் கர்ட்டிஸ்: வண்டியில என்ன கோளாறு?

ரேடியோவில் வெண்டல்: வண்டியில ஒரு கோளாறும் இல்லை.

ரேடியோவில் கர்ட்டிஸ்: ...சரி. வேகத்தைக் குறை. கொஞ்சம் இடது பக்கம். இன்னும் கொஞ்சம். வெள்ளைக் கோட்டைத் தாண்டிட்ட. புல்லு. அப்படியே வா. முன்னாடி மூணு வண்டி இடம்... ரெண்டு... ஒண்ணு. நிறுத்து.

ரேடியோவில் வெண்டல்: நன்றி, கர்ட்டிஸ். நீ வீட்டுக்குப் போ.

ட்ரீனா: நிறுத்திட்டாரு.

ஆர்டித்: நிறுத்திட்டான்.

ட்ரீனா: மார்ச்சுல இருந்து நான் எவ்வளவு சொல்லியிருப்பேன். அழுதேன், கத்தினேன், எங்க அம்மா வீட்டுக்குப் போயிருவேன்னு பெட்டியைக் கூடக் கட்டினேன். அசையலை. இன்னிக்கு ஜெயிக்கிற பந்தயத்துல...

ஆர்டித்: இறங்குறான் பாரு.

ட்ரீனா: அந்த உடைஞ்ச குழாய் கிடக்கு கீழ, தடுக்கிரும்... தடுக்கிருச்சு! கோல்பி பிடிச்சிட்டான்.

ஆர்டித்: பிடிச்சிட்டுக் கையை எடுத்துட்டான். பாத்தியா? அவ்வளவு சீக்கிரம் இறங்கி வர மாட்டான் அவன்.

ட்ரீனா: அவரு ஏதோ சொல்றாரு. என்ன சொல்றாருன்னு கேக்கணுமே. எட்டா, இருபத்தேழா?

ஆர்டித்: ரெண்டும் இல்லை. ஹெல்மெட்டைக் கழட்டியாச்சு. இனிமே ஒண்ணும் கேக்காது.

ட்ரீனா: கோல்பி தலையை ஆட்டுறான். இல்லேங்கிறானா, ஆமாங்கிறானா?

ஆர்டித்: இவ்வளவு தூரத்துல ரெண்டும் ஒண்ணுதான். ஆனா நின்னு கேக்குறான். ரெண்டு வருஷத்துல அது நடக்கலை.

ட்ரீனா: ஆர்டித், ஒண்ணு கேக்கட்டுமா?

ஆர்டித்: கேக்காதன்னா விடவா போற.

ட்ரீனா: கோல்பிக்கு எப்படித் தெரிஞ்சுச்சு? நான் ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடலை. கர்ட்டிஸ் விட மாட்டான். டாக்டர் இருக்குறது அடுத்த மாநிலத்துல.

ஆர்டித்: கடலை ஆறிப்போச்சு.

ட்ரீனா: ஆர்டித்.

ஆர்டித்: ஜூன்ல கர்ட்டிஸ் மகள் கல்யாணம் நடந்துச்சுல்ல?

ட்ரீனா: ஆமா, நாங்களும் வந்திருந்தோமே.

ஆர்டித்: வெண்டல் சுவத்தோரமா நின்னான். நீ ஜூஸ் எடுக்கப் போயிருந்த. சரி, கல்யாண வீடு, பழசை எல்லாம் விடுவோம்னு நான் ஒரு தட்டுல கேக்கை எடுத்துக்கிட்டுப் போய் அவனுக்கு இடது பக்கமா நீட்டினேன். கண்டுக்கவே இல்லை. வீம்புன்னு நினைச்சேன். கை வலிக்க ஆரம்பிச்சப்புறம் பேரைச் சொல்லிக் கூப்பிட்டேன். உடம்பு மொத்தத்தையும் திருப்பி, கோழி பாக்குற மாதிரி ஒரு கண்ணால பாத்தான்.

ட்ரீனா: அப்பவே...

ஆர்டித்: அப்பவே. அப்புறம் நீ வந்த. சாயங்காலம் வரைக்கும் அவன் இடது கையைப் பிடிச்சுக்கிட்டே நடந்த. படி வந்தா நீ முதல்ல இறங்கின. புதுசா கல்யாணமான பொண்ணுகூட இப்படிக் கொஞ்சலைன்னு எல்லாரும் சிரிச்சாங்க. நான் சிரிக்கலை.

ட்ரீனா: நான் வந்து உக்காந்தப்பவே உங்களுக்கு எல்லாம் தெரியும்!

ஆர்டித்: எழுத்தை மனப்பாடம் பண்ணினது தெரியாது. அது புதுசு.

ட்ரீனா: என்னை அழவெச்சு வேடிக்கை பாத்தீங்க.

ஆர்டித்: நீயா வாயைத் திறந்து சொல்றியான்னு பாத்தேன். என்னால முடியலை. இந்தக் கோடை முழுக்க, பந்தயம் நடத்துறவங்களுக்கு போன் பண்ணணும்னு எடுத்து எடுத்து வெச்சேன். அவன்கிட்ட இருந்து நான் எவ்வளவோ பிடுங்கியிருக்கேன், வீடு உட்பட. இதைப் பிடுங்க மட்டும் மனசு வரலை. யாருகிட்டயும் சொல்லலை. ஒரே ஒருத்தனைத் தவிர.

ட்ரீனா: கோல்பிகிட்ட.

ஆர்டித்: ஆமா. போன வாரம்.

ட்ரீனா: பெத்த புள்ளையை... அப்பாவுக்கு அந்தப் பக்கம் துணையா ஓட்டுன்னு நீங்களா சொல்லி அனுப்பினீங்க?

ஆர்டித்: எனக்கென்ன பைத்தியமா? உங்கப்பனுக்கு இடது பக்கம் கண்ணு தெரியாது, செத்தாலும் அந்தப் பக்கம் போயிடாதடான்னுதான் சொன்னேன்.